பனி விழாத ஊரில் கூலன்ட்

"கூலன்டெல்லாம் பனி கொட்டுற ஊருக்கு சார். நம்ம வெயிலுக்குப் பச்சத் தண்ணியே போதும்."

பெண்ணாடத்தில் கார் வைத்திருக்கும் யாரும் இந்தப் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன்; பல வருஷம் நம்பவும் செய்தேன். மார்கழி விடியலில் வெள்ளாற்றுப் படுகையின்மேல் மூட்டம் நிற்குமே தவிர, எங்கள் ஊரில் வாளித் தண்ணீர் உறைந்து யாரும் பார்த்ததில்லை. உறையாத ஊரில் உறைதடுப்பு மருந்துக்கு என்ன வேலை இருக்கிறது?

அது ஒரு மே மாத மதியம் தெரிந்தது. தொழுதூரில் நெடுஞ்சாலை ஏறித் திருச்சி பக்கம் திரும்பியிருந்தோம். சூடு காட்டும் முள் மெல்ல எழும்பிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட் இடுக்கில் ஆவி. வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறையில் சேர்த்தோம். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. மெக்கானிக் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தபோதுதான் அதன் நீர்வழித் துளைகளை முதன்முதலாகப் பார்த்தேன். விரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில் தடுக்கியது. வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் பொருக்கு. அதன்மேல் துருவின் செம்மண் நிறம். நகத்தால் சுரண்டினேன், செதில் செதிலாக உதிர்ந்தது. ஐந்தாறு வருஷமாக நான் ஊற்றிய போர் தண்ணீர் அங்கே கல்லாகி இருந்தது.

இந்தக் கட்டுரையை அந்தப் பொருக்குதான் எழுதவைத்தது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஹெட் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று காப்பது, உலோகத்தின் மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நான்கைந்து லிட்டர் நீர்மம். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இந்த நீர்மத்திடம் வந்து சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது இப்படி வந்து சேரும் வெப்பத்தைக் கொண்டு முப்பது லிட்டருக்குமேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். ஒரு கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு வெப்பத்தையும் வாங்கி, முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் கொட்டிவிட்டு உடனே திரும்பிவர வேண்டும். இந்த ஓட்டம் நிற்காமல் நடக்கிறது.

காற்றில் கொட்டுவது என்றேன். நம் ஊர் வெயிலின் கணக்கு இங்கேதான் வருகிறது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது அதன் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. உள்ளே 90 டிகிரி, வெளியே 15 டிகிரி என்றால் இடைவெளி 75. அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 40 என்றால் வெறும் 50. அதே ரேடியேட்டர், அதே விசிறி. வேலை மட்டும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே குளிர்நாட்டுக்காரரைவிட நமக்குத்தான் கொதித்துவிடாத நீர்மம் தேவை. "நம்ம வெயிலுக்குத் தண்ணியே போதும்" என்ற பேச்சு விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கொதித்தால் என்ன ஆகும்? தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம். பதமான சூட்டில் சுர்ரென்று வற்றிவிடும். கல் மிஞ்சிக் காய்ந்திருந்தால் துளி வற்றாது. முத்துப்போல உருண்டு ஓடும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஆவிப் படலம் உருவாகி, சூடு ஏறவிடாமல் துளியைத் தாங்கி நிற்கிறது. எஞ்சின் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட மிகச் சூடானது. அங்கே நீர்மம் கொதித்து ஆவிப் படலம் ஒட்டிக்கொண்டால், உலோகத்தின் சூட்டை வாங்க ஆளில்லை. அந்த ஓரிடம் மட்டும் காய்ந்து, விரிந்து, வளையும். ஹெட் வளைந்தால் கேஸ்கட் பிடிமானம் விடும். முள் சிவப்பைத் தொடுவதற்கு முன்பே இது தொடங்கிவிடலாம்.

கொதிநிலையைத் தள்ளிப்போட இரண்டு வழிகளைச் சேர்த்துக் கையாள்கிறார்கள். முதல் வழி நம் அடுப்படியில் இருக்கிறது. பிரஷர் குக்கரில் வெயிட் போட்டால் தண்ணீர் சுமார் 120 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கிறது; பருப்பு சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலை செய்கிறது. மூடியின் ஸ்பிரிங் உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். மிஞ்சினால் திறந்து ரிசர்வ் டாங்குக்கு விடும். எஞ்சின் ஆறும்போது மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு வழியே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போனால் குக்கரின் கேஸ்கட் போனதுபோலத்தான். உள்ளே எதை ஊற்றியிருந்தாலும் அழுத்தம் நிற்காது. சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் குக்கர் பாடமே. அழுத்தம் விட்ட நொடியில் உள்ளிருப்பது மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பாயும்.

இரண்டாவது வழி எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் 1856-இல் இதை முதலில் தயாரித்தார். நிறமற்ற, கொழகொழப்பான, இனிக்கும் நீர்மம். தனியாக இருந்தால் 197 டிகிரியில்தான் கொதிக்கும். இதன் மூலக்கூற்றில் இரண்டு முனையிலும் நீரைப் பற்றிக்கொள்ளும் கை ஒவ்வொன்று இருக்கிறது. தண்ணீரோடு கலந்தால் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு எளிதில் ஆவியாக விடாது. அதே பிடியால் அவை வரிசைகட்டிப் பனிக்கட்டியாகவும் விடாது. பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை சுமார் மைனஸ் 37-க்கு இறங்குகிறது. கொதிநிலை சுமார் 107-க்கு ஏறுகிறது. மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 130-ஐ நெருங்குகிறது. உறைதடுப்பு என்ற பெயர் இதில் பாதி உண்மையை மட்டும் சொல்கிறது. மற்றப் பாதியை விமானம் கட்டியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பறக்கவைத்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் தொடக்கத்தில் சுத்தக் கிளைக்காலையே ஓடவிட்டார்கள். நீர்மம் அதிகச் சூட்டில் ஓடினால் ரேடியேட்டர் சிறிதாக இருந்தாலும் போதும். காற்று எதிர்ப்பு குறையும். பிற்பாடு அதே எஞ்சினுக்கு 70 பங்கு தண்ணீரும் 30 பங்கு கிளைக்காலுமாக அழுத்தத்தில் வைத்து ஓட்டினார்கள்.

ஏன் தண்ணீருக்குத் திரும்பினார்கள்? வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். சுத்தக் கிளைக்காலுக்கு 2.4 போதும். தண்ணீர் பெரிய மூட்டை தூக்கும் கூலியாள் என்றால் கிளைக்கால் பாதி மூட்டைக்காரர். ஆகவே நல்லதுதானே என்று, தண்ணீர் கலக்காமல் விற்கும் கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு.

இதுவரை சொன்னது கொதிப்பு. என் எஞ்சினைக் கொன்றது இன்னொன்று. வெள்ளாற்றுக்கு அக்கரை அரியலூர் மாவட்டம். செந்துறை, தளவாய் பக்கமெல்லாம் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் முடிந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடலடியாகக் கிடந்த நிலம். சிப்பியும் சங்கும் படிந்து சுண்ணாம்புக்கல்லாகி, இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரிலும் சுண்ணாம்பு கரைந்திருப்பதைக் குழாய் முனையிலும், ஹீட்டர் சுருளிலும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மேடையிலும் பார்க்கலாம். கரைந்திருக்கும்வரை அது கால்சியம் பைகார்பனேட். சூடு பட்டதும் கரியமிலவாயு பிரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகம் படியும். அதாவது எஞ்சினில் எங்கே குளிர்ச்சி மிகத் தேவையோ சரியாக அங்கே. இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட நூறு மடங்குக்குமேல் மந்தம். உலோகத்துக்குக் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடும்.

ஒருதரம் ஊற்றியதால் இவ்வளவு வராது. இந்தியத் தரநிலை குடிநீரில் அனுமதிக்கும் உச்சக் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீர் ஐந்து லிட்டரில் மூன்று கிராம்தான் இருக்கும். கேடு செய்வது, 'கொஞ்சம் குறைஞ்சிருக்கு' என்று வாரந்தோறும் ஊற்றும் அரை லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கும். அதன்மேல் புதுத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கொண்டுவரும். வருஷத்துக்கு 26 லிட்டர் என்றால் பதினைந்து கிராமுக்குமேல் உள்ளே சேரலாம். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஆவியாகும் நீருக்கு ஈடாகப் புது நீர் சேர்ப்பார்கள். கூடவே, உப்பேறிய நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றுவார்கள். கரும்பு ஆலைகளில் பாய்லருக்குப் போகும் தண்ணீரை முதலில் மென்னீராக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பாய்லர் குழாயில் பொருக்கு பிடித்தால் குழாய் வெடிக்கும் என்பது ஆலையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். இறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். பாய்லருக்கு ஆகாத தண்ணீர் காருக்கு மட்டும் எப்படி ஆகும் என்று என்னைப் போன்றவர்களுக்குத் தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

பொருக்கு ஒரு பக்கம், அரிப்பு மறுபக்கம். எஞ்சினில் அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக், பழைய ரேடியேட்டர் என்றால் செம்பு, பித்தளை, ஈயப் பற்றாசு. வெவ்வேறு உலோகங்களை உப்புநீரில் தொடுத்தால் அது பேட்டரி. மின்னோட்டம் ஓடும், ஓர் உலோகம் கரையும். கூலன்டில் கிளைக்காலோடு சேர்த்துவரும் அரிப்புத்தடுப்பான்கள்தான் இதை நிறுத்துகின்றன. பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின் மேல் மெல்லிய படலம் போர்த்தும். இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துபோகும். புது வகையில் கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் புள்ளியில் மட்டும் போய் ஒட்டும்; ஐந்து வருஷம்கூடத் தாங்கும். கிளைக்காலும் நாளடைவில் சூட்டில் சிதைந்து அமிலமாக மாறும். கூலன்டை மாற்றச் சொல்வது இந்தத் தடுப்பான்கள் தீர்வதால்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை; நிறம் பார்த்து வாங்காமல் வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு வகையைக் கலப்பதும் வேண்டாம்.

கரும்பு டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. பல டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறத்தை நீர்மம் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் சுவர் அதிர்கிறது. அதிரும்போது நீரில் நுண்குமிழ்கள் தோன்றி அடுத்த கணம் நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் ஊசிமுனை உளிபோல இரும்பைக் கொத்தும். நாளடைவில் லைனரில் ஓட்டை விழுந்து ஆயிலோடு தண்ணீர் கலந்துவிடும். லைனரைக் கழற்றினால் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகக் குண்டூசித் துளைகள் தெரியும். டீசலுக்கென்று விற்கும் கூலன்டில் இதைத் தடுக்கும் சேர்மானம் உண்டு. தண்ணீரில் கிடையாது.

"நம்ம ஊருக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே நம்பிக்கையின் தம்பிதான். அதற்குள் இருக்கும் மெழுகு 82 முதல் 88 டிகிரி வாக்கில் உருகி விரிந்து வழி திறக்கிறது. அதுவரை எஞ்சின் வேகமாகச் சூடேற வேண்டும். ஏறாவிட்டால் பெட்ரோல் வீணாகும்; ஆயிலில் ஈரம் தங்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நீர்மம் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றும். அப்போது சூடு குறைவதற்குப் பதில் ஏறும்.

எஞ்சின் வேலை முடிந்து வந்தபிறகு கூலன்டை வீட்டு வாசலில் நானே மாற்றத் தொடங்கினேன். விடியலில், எஞ்சின் இரவு முழுக்க ஆறியபிறகுதான் தொடங்குவேன். சமதளம், ஹேண்ட் பிரேக், அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப். மூடியைத் திறந்துவிட்டு ரேடியேட்டரின் அடித்திருகையோ, அது இல்லையென்றால் கீழ் ஓஸின் கிளிப்பையோ தளர்த்தினால் போதும். வெளியே வருவதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். புதிதில் ஊற்றிய நிறத்திலேயே தெளிவாக வந்தால் நல்லது. கடுங்காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே துரு. பால் கலந்ததுபோல் எண்ணெய் மிதந்தால் கேஸ்கட் சந்தேகம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

பலரும் கணக்கில் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஐந்து லிட்டர் பிடிக்கும் வண்டியில் மூன்று லிட்டர்தான் வெளியே வரும். மீதி பிளாக்குக்குள் நிற்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை அலசினால் கடைசியில் உள்ளே தங்கும் இரண்டு லிட்டரும் ஏறக்குறைய தண்ணீர். இப்போது பாதிக்குப் பாதி கலந்தே விற்கும் ரெடி மிக்ஸ் மூன்று லிட்டர் ஊற்றினால் கலவையில் கிளைக்கால் 30 சதவீதமாக இறங்கிவிடும். தடுப்பான்களும் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் கான்சென்ட்ரேட் இரண்டரை லிட்டர், டிஸ்டில்ட் வாட்டர் அரை லிட்டர் ஊற்ற வேண்டும். உள்ளே நிற்கும் நீரையும் சேர்த்து அப்போதுதான் கணக்கு நேராகும். என்ன விகிதம் என்பதைக் கையேடு சொல்லும்.

மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் காற்று சிக்கிக்கொள்ளும். அதைத்தான் பட்டறையில் ஏர் லாக் என்கிறார்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் அதை முழுச் சூட்டில் வைத்து, மூடியை மாட்டாமல் எஞ்சினை ஐட்லிங்கில் விடுவேன். முதலில் ஒன்றும் நடக்காது. பத்து நிமிஷம் வாக்கில் மேல் ஓஸ் கைக்குச் சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வாய்ப்பகுதியில் குமிழி ஒன்று எழும், பிறகு கொத்தாக எழும், மட்டம் திடீரென்று ஒரு விரற்கடை இறங்கும். இறங்கிய அளவை ஊற்றி, மறுபடியும் காத்திருந்து, குமிழி அடங்கியதும் மூடுவேன். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டாங்கில் மட்டும் மூடி உள்ள புது வண்டிகளில் காற்று வெளியேற்றும் முறை வேறு. அதற்குக் கையேட்டின் வழியில் போக வேண்டும். மின்விசிறி எந்த நொடியும் தானாகச் சுழலலாம். கை, துண்டு, வேட்டி முனை எதுவும் அருகில் போகக் கூடாது.

இனிக் கடைசி விஷயம், எனக்கு மிக முக்கியமானது. டப்பில் வடிந்திருப்பது விஷம். இனிப்பான விஷம், அதனால்தான் நாய் நக்கும், ஆடு வாய் வைக்கும், வண்ணத்தைப் பார்த்துக் குழந்தை எடுத்துக் குடிக்கும். 100 மில்லிலிட்டர் அளவே ஒரு பெரியவரின் உயிரை எடுத்துவிடலாம். கிளைக்கால் வயிற்றில் போனதும் முதலில் போதை ஏறியதுபோல் தள்ளாட்டம் வரும். பிறகு கல்லீரல் அதைப் படிப்படியாக அமிலமாக்கி, கடைசியில் ஆக்சாலிக் அமிலத்தில் கொண்டுபோய் விடும். அது ரத்தத்தின் கால்சியத்தோடு சேர்ந்து ஊசிப் படிகங்களாகச் சிறுநீரகக் குழல்களை அடைக்கும். என் எஞ்சினில் நடந்தது உயிருள்ள உடம்பில் நடக்கிறது. மாற்றுமருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கில் தாமதிக்க முடியாது. ஒரு வாய் குடித்திருந்தாலும் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதன் உடன்பிறப்பான டை எத்திலீன் கிளைக்கால்தான் 2025-இல் இருமல் மருந்தில் கலந்து மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்றது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

அதனால் வடித்ததைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதில்லை. கிளைக்காலை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனால் தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடும், மீன் மூச்சடைக்கும். எஞ்சினிலிருந்து கரைந்து வந்த ஈயமும் செம்பும் மண்ணில் தங்கிவிடும். வெள்ளாற்றின் ஊற்றில் தண்ணீர் எடுக்கும் ஊர்கள் நமக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன.

பழைய கூலன்ட் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் மூடி இறுக்கி, மேலே சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதி, எட்டாத பரண்மேல் இருக்கிறது. கழிவு எடுத்துக்கொள்வார்களா என்று விருத்தாசலத்திலும் கடலூரிலும் உள்ள சர்வீஸ் நிலையங்களில் போன் செய்து கேட்டேன். கடலூரில் ஓர் இடத்தில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். டப்பை மூன்று தடவை கழுவி, கழுவிய தண்ணீரையும் அதே கேனில் சேர்த்தேன். மறுநாள் காலை பானெட்டைத் திறந்து பார்த்தபோது ரிசர்வ் டாங்கில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ராத்திரி எஞ்சின் ஆறும்போது, தங்கியிருந்த கடைசிக் காற்றின் இடத்துக்கு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் வைத்திருந்த கலவையில் ஒரு டம்ளர் ஊற்றினேன்; மட்டம் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது.